கஞ்சிக்காரி அன்னிஸும் டக்னியின் கையுறையும்

தேம்ஸ் தென்கரையில் இருக்கிற எங்கள் நாடகக் கொட்டகையைப் பற்றி யாருக்கு எந்தச் சந்தேகம் வந்தாலும் என்னிடம்தான் வருவார்கள். பார்னபி கிராப்லி என்றால் ஆற்றுப் படகுக்காரன்கூடத் துடுப்பை நிறுத்திவிட்டு வழி சொல்வான். இதே முற்றத்தில் ஒரு காலத்தில் கூடையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஆப்பிளும் கொட்டையும் விற்றவன் நான். பிறகு நாடக அறிவிப்புத் தாள்களைத் தூண் தூணாக ஒட்டினேன். ஒட்டிய தாளைப் பார்த்துப் பார்த்தே எழுத்துக் கற்றேன். பள்ளிக்கூடம் எந்தப் பக்கம் கதவு வைத்திருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது. இன்று அதே கொட்டகையில் எனக்குப் பங்கு உண்டு, கரையோரம் இரண்டு மதுக்கடை உண்டு, கோயிலில் முன்வரிசை உண்டு. இதையெல்லாம் யாரும் தூக்கிக் கொடுக்கவில்லை.

ஆனால் இப்போது நான் எழுத உட்கார்ந்தது அன்னிஸ் லுக்கினைப் பற்றி. பிரபுக்களைப் பற்றி எழுத ஆள் இருக்கிறது. அன்னிஸைப் பற்றி எழுத என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?

அன்னிஸ் கஞ்சிக்காரி. சீமான் முதல் நடிகன் வரை எல்லார் கழுத்தையும் சுற்றித் தட்டு மாதிரி நிற்கிறதே வெள்ளைத் துணி மடிப்பு, அது தானாக நிற்காது. கஞ்சியில் முக்கி, பாதி காயவிட்டு, இரும்புக் குச்சியைக் கனலில் சூடாக்கி, ஒவ்வொரு மடிப்புக்குள்ளும் விட்டுச் சுருட்டி எடுக்க வேண்டும். சூடு கூடினால் துணி கருகும், குறைந்தால் மழை ஈரத்தில் வாடின கீரையாகத் தொங்கும். கென்ட் பக்கத்திலிருந்து சின்ன வயதில் வேலைக்காரியாக வந்தவள், கடல் தாண்டி வந்து குடியேறிய பிளெமிஷ்காரி ஒருத்தி வீட்டில் இந்த வேலையைக் கற்றுக்கொண்டாள். அன்னிஸ் போட்ட கஞ்சி நாலு நாள் தூறலிலும் தலை குனியாது.

லுக்கின் என்ற படகுக்காரனை மணந்தாள். நல்ல மனுஷன், கை ஓங்க மாட்டான். ஒரே குறை, தன் பொருள் எது, பெண்டாட்டி பொருள் எது என்று அவனுக்குத் தெரியாது. சட்டத்துக்கும் தெரியாது. ஒருநாள் நாய்களை ஏவிவிடும் கரடிச் சண்டையில் கரடி தோற்கும் என்று பந்தயம் கட்டி, அவளுடைய இரும்புக் குச்சிகளை முழுசாக வைத்து ஆடினான். கரடி தோற்கவில்லை. அன்னிஸ் காவல்காரனிடம் ஓடினாள்.

"புருஷன் பொருளப் புருஷன் வச்சு ஆடுனான். நடுவுல உனக்கென்னம்மா வந்துச்சு?" என்றான் அவன்.

பிறகு அடுத்தவள் கடையில் கூலிக்குக் கஞ்சி காய்ச்சினாள். லுக்கின் கொள்ளைநோயில் போன பிறகுதான் புதிதாகக் குச்சிகள் வாங்கி, ஆற்றுத் தெருவில் சொந்தமாகக் கடை வைத்தாள். பலகை எழுத வந்தவன், "லுக்கின் விதவைன்னு போடவா?" என்று கேட்டதற்கு, "அன்னிஸ்னு போடு. கஞ்சி காய்ச்சுறது லுக்கின் இல்ல" என்றாள். அந்தப் பலகையும் அந்தக் குச்சிகளும் அவளுக்கு எவ்வளவு பெரிசு என்பது இனிமேல் வரும் கதைக்குத் தெரிய வேண்டும். மறுமணம் செய்தால் இரண்டும் மறுநாளே புதுப் புருஷனுடையவை.

எங்கள் கொட்டகைக்கு அவள்தான் கஞ்சி. நாடகம் நடக்கும்போது மேடைக்குப் பின்னால், உடை மாற்றும் அறையில் நின்று, திரை இடுக்கில் பார்ப்பாள். பெண் யாரும் எங்கள் மேடையில் ஏறுவதில்லை, பெண் வேடமெல்லாம் குரல் உடையாத வாலிபர்கள் கட்டுவது. ஆனால் அந்தப் பாவாடைகளையும் பொய்முடிகளையும் சரிசெய்து அனுப்புகிறவள் அன்னிஸ். ஆகவே பெண்கள் விஷயத்தில் கேள்வி கேட்கத் தனக்கு உரிமை உண்டு என்று நினைத்தாள். கேட்கவும் கேட்டாள். எங்கள் நாடகங்களை எழுதிக் கொடுத்த கவிராயர் அவளைக் கண்டால் வேறு வாசல் வழியாகப் போவார்.

"கவிராயரே, அந்தச் சீமாட்டிக்கு அப்புறம் என்ன ஆச்சு?"

"எதுக்கு அப்புறம்?"

"கல்யாணத்துக்கு அப்புறம்."

"கல்யாணத்தோட நாடகம் முடிஞ்சுது, அன்னிஸ்."

"நாடகம் முடிஞ்சா அவளும் முடிஞ்சாளா?"

"அம்மா தாயே, ஜனங்க சிரிச்சுக்கிட்டே வீட்டுக்குப் போகணும். கடைசியில யாரும் சாகலேன்னா யாராவது கல்யாணம் பண்ணியாகணும். தொழில் அப்படி."

"சரி. முதல் நாலு அங்கமும் வாய் ஓயாம பேசுறாளே, ஒரு வக்கீலைக்கூட மடக்குறா. கடைசியில ஒருத்தன் வந்து கையக் கொடுன்னதும் ஊமையாயிடுறா. வசனம் எழுத மறந்துட்டீங்களா?"

கவிராயர் சிரித்தார். "கையக் கொடுத்தா சம்மதம்னு அர்த்தம். அதுக்கு மேல எழுதினா மைதான் வீண்."

எனக்கும் அன்றுதான் உறைத்தது. எத்தனை வருஷம் பார்த்திருக்கிறேன்! வாயாடிப் பெண்ணோ, ஆண் வேடம் கட்டிக் காட்டில் திரிந்த பெண்ணோ, பணக்கார விதவையோ, ஐந்தாம் அங்கத்தில் எல்லாரும் ஒரே வரிசையில் நிற்பார்கள். தகப்பனோ பிரபுவோ கையைப் பிடித்து இன்னொரு கையில் வைப்பான். உடனே குழலும் மத்தளமும், கோமாளி ஆட்டம், ஜனங்கள் கலைவார்கள். அவள் என்ன நினைத்தாள் என்று கீழே நின்ற ஆயிரம் பேரில் ஒருத்தரும் கேட்டதில்லை. இத்தனை புத்தி உள்ள நானே கேட்டதில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

பாலத்தடியில் கையுறையும் பட்டு நாடாவும் விற்கிற ஹம்ப்ரி டக்னிக்கு இந்தக் கதை நடந்த குளிர்காலத்தில் பெண்டாட்டி செத்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. மரியாதையான ஆள், கடைக்கு மேலே மூன்று அறை வீடு. தெருவே கூடி அன்னிஸை அவருக்கு முடித்துவிட்டது, அன்னிஸைத் தவிர. சிப்பி விற்கிற மார்ஜரி தினமும் கடை வாசலில் கூடையை இறக்கிவைத்துவிட்டு ஆரம்பிப்பாள்.

"அவருக்கு என்னடி குறை? பல்லு பாதிக்கு மேல இருக்கு."

"பல்ல எண்ணிப் பாத்தியாக்கும்."

"சிரிச்சாரு, தெரிஞ்சுது. நீ இப்படி ஒத்தையா இருந்தா ஊரு என்ன பேசும்? கன்னியா இருக்கணும், இல்ல ஒருத்தன் பெண்டாட்டியா இருக்கணும். விதவைங்கிறது சத்திரம் மாதிரிடி, கொஞ்ச நாள் தங்கலாம், குடியிருக்க முடியாது."

"நம்ம ராணியம்மா கல்யாணமே இல்லாமதானே இருக்காங்க."

"மெதுவா பேசுடி! ராணி கல்யாணத்தப் பத்திப் பேசுனவன் கையையே வெட்டிருக்காங்க. நான் சிப்பி ஓடு பிரிக்க ரெண்டு கையும் வேணும்." பிறகு விட்ட இடத்தில் பிடித்துக்கொள்வாள். "டக்னிய கட்டிக்கிட்டா உன் கடை எவ்வளவு பெரிசாகும் தெரியுமா?"

"என் கடை பெரிசாகாது மார்ஜரி. அவரு கடை பெரிசாகும்."

இந்த நேரத்தில் எங்கள் கொட்டகையில் ஒரு புது நாடகம். பணக்கார விதவை ஒருத்தியை மூன்று பேர் துரத்துகிறார்கள். எல்லாரையும் பேச்சால் விரட்டியடிக்கிறாள். கடைசியில் ஒரு கப்பல் தலைவன் கையில் கை கொடுக்கிறாள். அந்தக் கல்யாணக் காட்சிக்கு ஒரு ஜோடி நல்ல கையுறை வேண்டும் என்று டக்னி கடையில் சொல்லி வைத்தது நான்தான். அன்னிஸிடமும், "டக்னி கடையிலேர்ந்து கையுறை வரும், வாங்கி வை" என்று சொல்லியிருந்தேன்.

கையுறை வந்தது. கொண்டுவந்தது டக்னியே. புது மேலங்கி, வாசனைத் தைலம், பின்னால் வேலைக்காரன். அன்னிஸ் முழங்கை வரைக்கும் கஞ்சித் தொட்டிக்குள். மார்ஜரி வழக்கம்போல வாசலில். டக்னி ஒரு பட்டுத் துணியைப் பிரித்தார். மான்தோல் கையுறை, ஓரத்தில் சிவப்பு நூலில் இதயங்கள், மல்லிகை மணம். பேச நினைத்தாராம், நாக்கு எழும்பவில்லை, அடுக்காக இருமினார்.

"மேசை மேல வைங்க, கை ஈரம்" என்றாள் அன்னிஸ். வைத்தார். குனிந்து வணங்கினார். போய்விட்டார். பட்டுக்கடைக்காரர் எல்லாருக்கும் இப்படித்தான் வணங்குவார் போலிருக்கிறது என்று அன்னிஸ் நினைத்துக்கொண்டாள். கையுறையை நாடகப் பெட்டியில் போட்டாள். நாங்கள் கேட்டிருந்த ஜோடியை டக்னி கடைப் பையன் மறுநாள் கொட்டகை வாசலில் கொடுத்துவிட்டுப் போனதும், அதை எங்கள் கோமாளி மாட்டிக்கொண்டு அலைந்ததும் அவளுக்கு எப்படித் தெரியும்?

எங்கள் ஊர்ப் பழக்கம் இதுதான்: ஆண்பிள்ளை ஒருத்தன் விதவைக்குக் கையுறை கொடுத்தால் அது கேள்வி. திருப்பி அனுப்பினால் மறுப்பு. வைத்துக்கொண்டால் சம்மதம். வாயைத் திறக்க வேண்டிய அவசியமே இல்லை.

நாடகம் ஓஹோ என்று ஓடியது. விதவையாக வந்தவன் கில்பர்ட். முகம் பால் மாதிரி, கை மட்டும் மூட்டை தூக்குகிறவன் கை. அன்னிஸ் அந்த இதயக் கையுறையை அவன் விரல்களில் மூச்சுப் பிடித்து ஏற்றினாள். கடைசிக் காட்சியில் கப்பல் தலைவன் கை நீட்ட, கில்பர்ட் கை கொடுக்க, மல்லிகை வாசம் முன்வரிசை வரைக்கும் வந்ததாகக் கேள்வி. டக்னியும் மேல்மாடத்தில் இருந்தார். அந்த நாட்களில் மாடங்களின் வாசல் என் பொறுப்பு. என் கண்ணுக்குத் தப்பி ஒரு தொப்பி உள்ளே போக முடியாது. அவர் எழுந்து நின்று கை தட்டினதைப் பார்த்தேன். மறுபடி வந்தார். மறுபடியும் தட்டினார்.

அடுத்த ஞாயிறு கோயிலில், பிரசங்கத்துக்கு முன்னால் பாதிரியார் வழக்கம்போலக் கல்யாண அறிவிப்புகளை வாசித்தார். "ஹம்ப்ரி டக்னி, மனைவியை இழந்தவர். அன்னிஸ் லுக்கின், விதவை. இவர்கள் இணைவதற்குத் தடை அறிந்தவர் யாராவது இருந்தால் சொல்லலாம்."

பின்வரிசையில் ஒரு பெண் எழுந்து நின்றாள்.

"ஐயா, எனக்கே இப்பதான் தெரியும்" என்றாள் அன்னிஸ்.

அன்று பிரசங்கம் யார் காதிலும் ஏறவில்லை.

செவ்வாய்க்கிழமை கோயில் பக்கத்து அறையில் விசாரணை. பாதிரியார், கோயில் பொறுப்பாளர்கள் இரண்டு பேர், டக்னி, அவர் வேலைக்காரன், மார்ஜரி, அன்னிஸ். கொட்டகை சார்பில் நான், என் முதல் வெல்வெட் சட்டையில். இங்கே தீராவிட்டால் பிஷப் நீதிமன்றம். அங்கே, வாக்குக் கொடுத்தவள் என்று தீர்ப்பானால் மணந்தே ஆக வேண்டும். மறுத்தால் கோயிலை விட்டுத் தள்ளிவைப்பார்கள். தள்ளிவைத்தவளிடம் எந்த மனுஷன் கழுத்தை நீட்டுவான்? எப்படிப் போனாலும் பலகை இறங்கும். அன்னிஸின் முகம் அவள் போட்ட கஞ்சியைவிட வெளுத்திருந்தது.

வேலைக்காரன் சாட்சி சொன்னான்: கொடுத்தார், "வைங்க" என்றாள். மார்ஜரியும் அதையே சொல்ல வேண்டியதாயிற்று. "சொன்னாய்யா. ஆனா கை தொட்டிக்குள்ள இருந்துச்சு" என்று தன்னால் ஆனதைச் சேர்த்தாள்.

"திருப்பி அனுப்பினாளா?" என்றார் பாதிரியார்.

"இல்லை ஐயா," டக்னி நெஞ்சில் கை வைத்தார். "அதோட விடல. அதை மேடைக்கே அனுப்பி, லண்டன் பூரா பாக்கும்படி காட்டினா. ஒரு பொம்பளை இதுக்கு மேல எப்படி ஐயா சம்மதம்னு சொல்லுவா? நான் அங்கேயே அழுதுட்டேன்."

பாதிரியாருக்கு நாடகம் என்றால் ஆகாது. கொட்டகை சாத்தானின் சத்திரம் என்று மாதம் ஒருமுறையாவது பிரசங்கம் செய்வார். இப்போது கன்னத்தில் கை வைத்துக்கொண்டார்.

"மேடையில யார் போட்டுக்கிட்டது?"

"கில்பர்ட்டுங்க, விதவை வேஷம்" என்றேன் நான்.

"விதவையா? அவளுக்கு என்ன பிரச்சினை?"

"மூணு பேரு துரத்துறாங்க, ஐயா."

"மூணு பேரா?" நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார். "அதுல யாரத் தேர்ந்தெடுக்குறா?"

"மூணு பேரையும் இல்லைங்க. நாலாவதா ஒரு கப்பல் தலைவன்."

"அவன் எப்ப வந்தான்?"

பொறுப்பாளர் ஒருவர் தொண்டையைச் செருமினார். பாதிரியார் கவனிக்கவில்லை. கதை முழுவதையும் என்னிடம் கறந்துவிட்டார். நானும் கொஞ்சம் நடித்தே காட்டினேன். எனக்கு அது வரும். கடைசிக்கு வந்ததும், "கையக் கொடுன்னான். அவ என்ன சொன்னா?" என்றார்.

"ஒண்ணும் சொல்லலீங்க."

"ஏன்? அவ்வளவு பேசுறவ!"

"அவளுக்கு அங்க வசனம் கிடையாதுங்க, ஐயா" என்றாள் அன்னிஸ்.

அதுவரை பேசாதிருந்தவள். எல்லாரும் திரும்பினார்கள்.

"சம்மதமா இல்லையான்னு பிறகு எப்படித் தெரியும்?" என்றார் பாதிரியார். உண்மையாகவே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டுக் கேட்டார்.

"வாய மூடிக்கிட்டு இருந்தா சம்மதம்னு எல்லாரும் எடுத்துக்குவாங்க, ஐயா. இங்க எனக்கு நடந்த மாதிரிதான்." டக்னி பக்கம் திரும்பினாள். "டக்னி ஐயா, ஒண்ணு கேக்கவா? உங்க கையுறையப் போட்டுக்கிட்டு அந்த விதவை யார் கையப் பிடிச்சா?"

"கப்பல் தலைவன்…"

"உங்க கையுறையோட. நீங்க என்ன பண்ணீங்க?"

டக்னி என் பக்கம் திரும்பினார்.

"எழுந்து நின்னு கை தட்டினாரு. மறுபடி வந்தும் தட்டினாரு. நான் பார்த்தேன்" என்றேன். சாட்சி என்றால் இப்படி இருக்க வேண்டும்.

"நான் பேசாம இருந்ததுக்கு ஒரு அர்த்தம் உண்டுன்னா, நீங்க பேசாம இருந்ததுக்கும் அர்த்தம் உண்டுல்ல ஐயா? உங்க காணிக்கைய இன்னொருத்தன் கையில கொடுத்தப்போ நீங்க தடுக்கல. சந்தோஷமா அனுப்பி வச்சீங்க."

"அப்ப இவரு கில்பர்ட்டயில்ல கப்பல் தலைவனுக்குக் கட்டிக் கொடுத்திருக்காரு!" என்றாள் மார்ஜரி. பொறுப்பாளர்கள் இரண்டு பேரும் தொப்பிக்குள் முகத்தை ஒளித்துக்கொண்டு குலுங்கினார்கள்.

பாதிரியார் சிரிக்கவில்லை. நாற்காலியை அன்னிஸ் பக்கம் திருப்பிப் போட்டார். "அம்மா, நேரா கேக்குறேன். இவரை மணக்க உனக்குச் சம்மதமா?"

"இல்லைங்க, ஐயா."

"இத யாரும் உன்கிட்ட இதுக்கு முன்னாடி கேக்கவே இல்லையா?"

அறையில் இருந்த நாங்கள் எல்லாரும் தரையைப் பார்த்தோம். பாதிரியார் அறிவிப்பை ரத்து செய்தார். அதற்கு முன், "அந்த மூணு பேருக்கு என்ன ஆச்சு?" என்று என்னிடம் மெதுவாகக் கேட்டுக்கொண்டார்.

டக்னி வாசலில் அன்னிஸிடம் வந்து, "எனக்கு நிஜமாவே தெரியலம்மா. எல்லாரும் இப்படித்தானே செய்றாங்க" என்றார்.

"தெரியும் ஐயா. நீங்க கெட்டவரு இல்ல" என்றாள். கையுறையைத் திருப்பிக் கொடுத்தோம். கில்பர்ட் விரல் போன இடமெல்லாம் தையல் விட்டிருந்தது. அதற்குப் பிறகும் டக்னி தன் கழுத்து மடிப்பை அன்னிஸ் கடைக்குத்தான் அனுப்பினார்.

கவிராயருக்கு விஷயம் தெரிந்ததும் கண் மின்னியது. "இத நாடகமா எழுதுறேன்! கஞ்சிக்காரி, கையுறை, பாதிரியார். அடடா!"

"கடைசியில அவளுக்குக் கல்யாணம் உண்டா?" என்றாள் அன்னிஸ்.

"இல்லாம எப்படிம்மா? பாதிரியாருக்கோ டக்னிக்கோ…"

"அப்ப உங்க ஆளுங்க கழுத்துக்கு வேற கடை பாருங்க."

நாடகம் எழுதப்படவில்லை. கஞ்சியில்லாத கழுத்தோடு எந்த நடிகன் பிரபுவாக நிற்பான்?

இவ்வளவு வீரமாக ஒருத்தி டக்னியை வேண்டாம் என்றால் அதற்கு ஒரு காரணம் இருக்க வேண்டுமே என்று அந்த வசந்தகாலம் முழுக்க யோசித்தேன். யோசிக்க யோசிக்கக் காரணம் நான்தான் என்று தெளிவாகியது. என் நிலைமையும் அப்போது ஏறிக்கொண்டிருந்தது, முதல் மதுக்கடையை வாங்கியிருந்தேன். ஒரு சனிக்கிழமை கடைக்குப் போனேன். கையுறை கிய்யுறை எதுவும் எடுத்துப் போகவில்லை, நான் பாடம் படிக்கிறவன். அவள் கனலில் குச்சியைத் திருப்பிக்கொண்டிருந்தாள்.

"அன்னிஸ், நான் உன்ன கட்டிக்க ஆசைப்படுறேன்."

குச்சியை எடுத்துக் கன்னத்துக்கருகே வைத்துச் சூடு பார்த்தாள்.

"பெரிய மனுஷரே, இந்தக் காட்சியில எனக்கு வசனம் உண்டா?"

"உண்டு. அதக் கேக்கத்தான் வந்தேன்."

"அப்ப சொல்றேன். வேண்டாம்." மடிப்புக்குள் குச்சியை விட்டாள். "ஆனா கேட்டீங்க பாருங்க. அது எனக்குப் பிடிச்சிருக்கு. சட்டையக் கழட்டாம அந்தக் கழுத்துமடிப்ப மட்டும் கழட்டிக் கொடுங்க, தொங்குது."

லண்டனில் ஒரு பெண்ணிடமிருந்து நேரான பதில் வாங்கிய ஆண்பிள்ளைகள் எத்தனை பேர் என்று விசாரித்துப் பாருங்கள். நான் ஒருத்தன். பிறகு வேறு இடத்தில் மணந்தேன், பிள்ளைகள் உண்டு, அது வேறு கதை. அன்னிஸ் மணக்கவில்லை. பலகை அதே இடத்தில் தொங்குகிறது. வண்ணம் மங்கும்போதெல்லாம் அதே பெயரை மறுபடி எழுத வைக்கிறாள். அவளிடம் வேலை கற்ற பெண்கள் இரண்டு பேர் பக்கத்துத் தெருவில் கடை வைத்திருக்கிறார்கள், அவர்கள் பெயரிலேயே. நாடகம் பார்க்க இன்னும் வருகிறாள், கோமாளி ஆட்டத்துக்கு நிற்பதில்லை.

என் கழுத்துக்கு ஒவ்வொரு சனியும் அவள்தான் கஞ்சி போடுகிறாள். வேண்டுமென்றே கூடுதலாகப் போடுகிறாள் என்று நினைக்கிறேன். குனிந்து என் செருப்பைக்கூட என்னால் பார்க்க முடிவதில்லை. பார்னபி கிராப்லிக்குத் தலைக்கனம் என்று இந்தக் கரை முழுக்கப் பேசுகிறார்கள். பேசட்டும். அது அன்னிஸின் கைவேலை.